நனைந்த இழையின் வலிமை



ஆற்றுத் துறையில் சலவைத் தொழிலாளர் பருத்தி வேட்டியைக் கல்லின்மேல் ஓங்கி அடித்துத் துவைப்பதைக் கண்டிருப்பீர்கள். வேட்டி எளிதில் கிழிவதில்லை. அவ்வடியை ரேயான் சேலை தாங்குமா? தாங்காது. ஆயினும், இவ்விரு துணிகளும் செல்லுலோஸ் என்னும் ஒரே பொருளால் ஆனவை. பொருள் ஒன்றாக இருக்கக் குணம் வேறுபடுவானேன்? இதனையே இன்று உங்களுடன் ஆராய விரும்புகிறேன்.

முதலில் ஒரு சிறு சோதனையைச் சொல்லுகிறேன். நீங்களே செய்து பார்க்கலாம். ஒத்த பருமனுள்ள பருத்தி நூலையும் ரேயான் நூலையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் ஆணியில் கட்டித் தொங்கவிட்டு, கீழ்நுனியில் சிறு தட்டு ஒன்றைப் பிணையுங்கள். நூல் அறும்வரை தட்டில் மணலைச் சிறிது சிறிதாக இட்டு, அறுந்ததும் மணலை நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர், நீரில் நனைத்த நூல்களைக் கொண்டு அவ்வாறே செய்யுங்கள். நனைந்த பருத்தி முன்னிலும் மிகுதியான மணலைத் தாங்கும். நனைந்த ரேயானோ ஏறக்குறையப் பாதியளவிலேயே அறுந்துவிடும்.

காரணம் இழையின் உள்ளமைப்பில் இருக்கிறது. செல்லுலோஸ் என்பது குளுக்கோஸ் அலகுகள் கோக்கப்பட்ட நீண்ட சங்கிலி. பருத்தியில் ஒரு சங்கிலிக்குப் பல ஆயிரம் அலகுகள் உண்டு. சங்கிலிகளும் பெரும்பாலும் ஒழுங்காக நெருங்கி அடுக்கப்பட்டுள்ளன. அவ்வடுக்குகளினுள் நீர் புக இயலாது. புகக்கூடிய இடங்களில் அது இறுக்கத்தைச் சற்றுத் தளர்த்துகிறது. அதனால் சுமை ஓரிடத்தில் குவியாமல் பல சங்கிலிகளுக்கும் பகிர்ந்து செல்கிறது. வலிமையும் நூற்றுக்கு 10 முதல் 20 பங்கு வரை கூடுகிறது.

ரேயானின் வரலாறு வேறு. 1892-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் கிராஸ், பெவான், பீடில் என்னும் மூவர் விஸ்கோஸ் முறையைக் கண்டறிந்தனர். மரக்கூழிலுள்ள செல்லுலோஸைக் கரைசலாக்கி, நுண்துளைகளின் வழியே செலுத்தி மீண்டும் இழையாக்கும் தொழில் அதிலிருந்து வளர்ந்தது. இம்மாற்றத்தில் சங்கிலிகள் சில நூறு அலகுகளாகக் குறுகிவிடுகின்றன, ஒழுங்கும் குறைகிறது. நீர் எளிதில் உட்புகுந்து பிணைப்புகளை நெகிழ்த்த, சங்கிலிகள் ஒன்றன்மீது ஒன்று வழுக்கி விலகுகின்றன. மோடல், லயோசெல் முதலிய பிற்கால இழைகளில் இக்குறை பெரிதும் குறைக்கப்பட்டுள்ளது.

அப்படியானால் நீரை ஏற்காத இழையே சிறந்ததா? பாலியெஸ்டர் நனைந்தாலும் வலிமை குன்றாது. விரைவில் உலர்ந்தும் விடும். ஆனால், பருத்தி காற்றிலுள்ள ஈரத்தைத் தன் எடையில் நூற்றுக்கு ஏறத்தாழ 8 பங்கு ஏற்குமிடத்தில், பாலியெஸ்டர் அரைப் பங்குகூட ஏற்பதில்லை. நம் கோடையில் அது உடலில் புழுக்கத்தை உண்டாக்குவது இதனாலேயே.

ஆகவே, அரிதிற் சேர்த்த பணத்தில் வாங்கும் ஆடையின் பளபளப்பை மட்டும் பார்த்தல் போதாது. அது எவ்விழையால் ஆனது என்று கேட்டறியுங்கள். ரேயானாயின் அடித்துத் துவைக்காமலும் முறுக்கிப் பிழியாமலும் மெல்ல அலசி நிழலில் உலர்த்துங்கள். உலரும்போது அது தன் வலிமையை மீண்டும் பெறும்.