கால் சுவாதீனமும் ஆள் சுவாதீனமும்

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கியம் பற்றிப் பேசும்படி காரியதரிசி அவர்கள் எனக்குக் கட்டளையிட்டிருந்தார்கள். தமிழாசிரியனுக்கு அஃது எளிய காரியம். ஆயினும் இவ்வாண்டு வேறொரு பொருள் பற்றிப் பேச அனுமதி வேண்டினேன். அவர்களும் பெருந்தன்மையுடன் இசைந்தார்கள். முதுகந்தண்டில் அடிபட்டுக் கால்கள் செயலற்றுப் போனவர் மீண்டும் தம் காரியங்களைத் தாமே நடத்திக்கொண்டு வாழ்வது எங்ஙனம் என்பதே அப்பொருள். பண்டிதனுக்கும் இதற்கும் என்ன இயைபு என்று ஐயுறுவீர்கள். ஒரு சொல்லைக் கொண்டே தொடங்குகின்றேன். என் தொழிலுக்கும் பழுது வராது.

சுவாதீனம் என்னும் வடசொல்லுக்குத் தன்வசமாயிருத்தல் என்பது பொருள். ஒருவன் பிறருக்கு அடங்காது வாழும் நிலைமைக்கும், ஒரு சொத்து ஒருவன் கையில் இருப்பதற்கும் இச்சொல்லை வழங்குகின்றோம். நம் வீடுகளிலோ, கால் விளங்காமற் போனவரைப் பற்றி, ‘அவருக்குக் கால் சுவாதீனமில்லை’ என்கின்றோம். சொல் ஒன்றாயிருப்பதனால் ஒரு பெரும் பிழையும் உடன் நுழைந்துவிட்டது. கால் தன் வசத்தில் இல்லாதவன் தானும் தன் வசத்தில் இல்லாதவன் என்று கருதி, அவன் உண்பது, உடுப்பது, வெளியே போவது, யாரைக் காண்பது ஆகிய எல்லாவற்றையும் நம் வசமாக்கிக்கொள்கின்றோம். கால் சுவாதீனத்தைக் கவர்ந்தது விபத்து. ஆள் சுவாதீனத்தைக் கவர்ந்தவர் நாம். இதனை நூலிற் கற்றேனல்லேன். என் குடும்பத்திற் கற்றேன்.

ஆறாண்டுகளுக்கு முன், என் தமக்கையாரின் மகன், அப்போது 24 வயதினன், ஆட்டுக்குத் தழை ஒடிக்க வேப்பமரம் ஏறினவன் கிளை முறிந்து மல்லாந்து விழுந்தான். கூக்குரல் கேட்டு ஓடியவர்களில் யான் முதல்வன். ‘மாமா, இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை’ என்றான். அந்தச் சொல்லின் பொருள் எனக்கு விளங்கவில்லை. இலக்கணத்தில் வேற்றுமை மயக்கம் பற்றி ஒரு மணி நேரம் பேச வல்ல நான், தோளைப் பிடித்துத் தூக்கினேன். இன்னொருவர் காலைப் பிடித்தார். இருவருமாக அவனை மடித்து ஆட்டோவில் உட்கார்த்தி வைத்தோம். முதுகில் அடிபட்டவனை அசைக்கலாகாது, 108 வண்டிக்குச் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும், எடுத்தே ஆகவேண்டுமாயின் தலையும் முதுகும் ஒரே கோட்டில் இருக்கும்படி பலர் சேர்ந்து பலகையின்மேல் எடுக்க வேண்டும் என்பன பின்னர் அறிந்தவை. எங்கள் செய்கையால் எவ்வளவு கேடு மிகுந்தது என்று வைத்தியர்களாலும் சொல்லக் கூடவில்லை. அந்தக் கேள்வி என்னோடு இருக்கின்றது. உங்களில் ஒருவரேனும் நாளை அவ்வாறு தூக்காதிருப்பீராயின் இன்று யான் பேசியதற்குப் பயனுண்டு.

சத்திர சிகிச்சை முடிந்து வீட்டிற்கு வந்தான். என் தமக்கையார் அவனைக் கைக்குழந்தை போலப் பேணினார். ஊட்டினார், துடைத்தார், உடுத்தினார். அந்த அன்பிற்கு ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் மூன்றாம் மாதத்தில் நடுமுதுகின் கீழே, வாலெலும்பின்மேல், உள்ளங்கையளவு புண் கண்டது. அவனுக்கு வலி தெரியாது. வலி தெரிந்தால் நாமெல்லாம் உறக்கத்திலும் நம்மை அறியாமலே புரண்டு படுக்கின்றோம். அவனுக்கு அந்தக் காவலாளி இல்லை. ஆள் கண்ணீர் விட்டுப் பேணியும் புண் வந்ததென்றால், குறை அன்பிலன்று, அறிவில் என்பது தெளிவு.

முதுகந்தண்டு 33 எலும்புகளாலாயது. அதனுள்ளே தண்டுவடம் மூளையிலிருந்து இறங்கி, இடுப்பெலும்புகள் தொடங்கும் இடத்தளவில் முடிகின்றது. அடி கழுத்தில் என்றால் கைகளும் போகும். மார்பிலோ இடுப்பிலோ என்றால் கைகள் பிழைக்கும். நடை போவதையே நாம் பெரிதாகப் பேசுகின்றோம். தொடுவுணர்வும், சிறுநீர் மலம் கழிக்கும் வசமும் உடன் போவதை நாணிப் பேசாது விடுகின்றோம். உயிரைக் கொண்டுபோவன பெரும்பாலும் அப்பேசாத விஷயங்களே. முற்காலத்தில் இத்தகையோரிற் பலர் படுக்கைப் புண்ணாலும் சிறுநீரக நோயாலும் இறந்தனர். 1944-இல் இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டெவில் என்னும் ஊரில் லுட்விக் குட்மன் என்னும் வைத்தியர், இரண்டு மணிக்கொருமுறை நோயாளியைத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டுமென்று கண்டிப்புச் செய்து, அவர்களை எழுப்பி வேலையிலும் விளையாட்டிலும் ஈடுபடுத்தினார். 1948-இல் அங்கே 16 பேர் சக்கர நாற்காலியிலிருந்து வில் எய்தனர். இன்று உலகறிந்த பாராலிம்பிக் போட்டிக்கு அதுவே வித்து.

என் மருகனை ஒரு புனர்வாழ்வு நிலையத்திற்குக் கொண்டுபோனோம். அங்கே அவனுக்கு முதலிற் கொடுத்தது மருந்தன்று; ஒரு சிறு கைக்கண்ணாடி. நாள்தோறும் காலையும் மாலையும் தன் முதுகையும் குதிகாலையும் அதிற் பார்த்துக்கொள்வது அவன் வேலை, அவன் தாயின் வேலையன்று என்றார்கள். நாற்காலியில் இருக்கும்போது 15 நிமிடத்திற்கொருமுறை கைகளை ஊன்றி உடலைத் தூக்கவும், 4 முதல் 6 மணிக்கொருமுறை தானே குழாய் செலுத்திச் சிறுநீரை வடிக்கவும், குறித்த வேளையில் மலங்கழிக்கவும், சுடுபாத்திரத்தை மடிமேல் வையாதிருக்கவும் பழக்கினார்கள். இவை பேச அழகற்றவை. ஆயினும் இவற்றின்மேலேதான் அவன் வாழ்வு நிற்கின்றது.

ஒருநாள் அவன் சட்டை போட்டு, கால்சட்டை ஏற்றிக்கொள்ள முயன்றான். என் தமக்கையார் உதவப் போனபோது தாதி அவரை வெளியே அனுப்பிவிட்டார். ஒரு மணியும் கால் மணியும் ஆயிற்று. தாழ்வாரத்தில் என் தமக்கையார், ‘தம்பி, இவர்களுக்கு மனமே இல்லையா?’ என்று அழுதார். எனக்கும் அப்போது அவ்வாறே தோன்றிற்று. கதவைத் திறந்துகொண்டு அவன் தானே நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தான். பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. என் தமக்கையார் அதனைத் திருத்தக் கையை நீட்டினார், பின் இழுத்துக்கொண்டார். அந்தக் கையை இழுத்துக்கொண்டதைவிடக் கடினமான செயல் ஒன்றை அவர் வாழ்நாளிற் செய்திரார்.

தானே செய்வதென்றால் எல்லாவற்றையும் தனியே செய்தல் என்று பொருள் கொள்ளலாகாது. இதற்கு நம் நாட்டிலேயே இருவரைக் காட்டுவேன். வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்ற டாக்டர் மேரி வர்கீஸ் என்னும் அம்மையார் 1954-இல் நேர்ந்த மோட்டார் விபத்தில் கால்களை இழந்தவர் போலானார். கைகள் இருந்தன. கையில் சத்திர சிகிச்சை செய்பவர் உட்கார்ந்தே செய்யலாம் அன்றோ? டாக்டர் பால் பிராண்டு அவ்வழி காட்ட, அம்மையார் சக்கர நாற்காலியிலிருந்தே தொழுநோயாளரின் மடங்கிய விரல்களை நிமிர்த்தினார். பின்னர் ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரில் தம் வேலைகளைத் தாமே செய்யப் பழகி, நியூயார்க்கில் புனர்வாழ்வு வைத்தியம் கற்று, வேலூரில் அத்துறையை வளர்த்தார். அதற்கெனத் தனி நிலையம் 1966-இல் எழுந்தது. 1972-இல் பத்மஸ்ரீ பட்டம் பெற்றார்.

மற்றொருவர் ஆய்க்குடி ராமகிருஷ்ணன் அவர்கள். பொறியியல் மாணவராயிருந்த காலை, 1975-இல், கடற்படைத் தேர்வுப் பரீட்சையில் விழுந்து கழுத்தில் அடிபட்டவர்; கைகளும் உதவா. 1981-இல் தம் ஊரில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கிச் சுற்றுப்புறத்து ஊனமுற்ற பிள்ளைகளுக்குக் கல்வியும் வைத்தியமும் கிடைக்கச் செய்தார். அவருக்கு உணவூட்டப் பிறர் கை வேண்டும். ஆயினும் அவர் பிறர் வசத்தில் இருப்பவர் என்று எவன் சொல்லத் துணிவான்? இன்னது, இன்ன வேளையில், இன்னவாறு என்று தீர்மானிப்பது எவரோ அவரே சுவாதீனர். கை எவருடையதாயினும் ஆகுக.

மருகன் ஊர் திரும்பினான். கற்றவை எல்லாம் வாயிற்படியில் முட்டின. குளியலறைக் கதவு இரண்டடி அகலம்; நாற்காலி நுழையாது. கதவைப் பெயர்த்து மூன்றடியாக்கினோம். மேற்கத்திய முறைக் கழிப்பிடம் வைத்துப் பக்கத்திற் பிடிகம்பி பதித்தோம். நிலைவாசலைச் செதுக்கலாகாதென்று ஊர்ப் பெரியவர் தடுத்தார். சாஸ்திரத்தோடு வாதாடாமல், தச்சரைக் கொண்டு இருபுறமும் சாய்வுப் பலகை செய்து வைத்தோம். வாசலும் பிழைத்தது, நாற்காலியும் போயிற்று. இன்று அவன் பக்கத்துச் சக்கரங்கள் பூட்டிய ஸ்கூட்டரில் போய்வந்து, மோட்டாருக்குக் காயில் கட்டும் தொழில் செய்கின்றான். சில நாள் கால்கள் தாமே துடித்து விறைக்கும்; சில நாள் யாரோடும் பேசான். அத்தகைய நாளில் ஆறுதல் மொழி எதுவும் சொல்வதில்லை; அவனே பேசும்வரை பக்கத்தில் இருப்பேன். எல்லாம் சரியாயிற்று என்று கதை சொல்ல யான் இங்கு வரவில்லை.

இனி யான் இப்பொருளை எடுத்த காரணம். சென்ற ஆண்டு இதே கூட்டத்திற்கு அவன் வந்தான். நம் மண்டபத்து வாயிலில் ஐந்து படிகள். இளைஞர் நால்வர் நல்லெண்ணத்தோடு, ‘நாற்காலியோடு தூக்கிக்கொள்கின்றோம், அண்ணே’ என்றார்கள். ‘சாமி புறப்பாடா?’ என்று சிரித்துக்கொண்டே மறுத்துத் திரும்பிவிட்டான். உள்ளே, நலிந்தோர் நிதியிலிருந்து அவனுக்கு மாதம் ஒரு தொகை தருவதென்று தீர்மானம் நிறைவேறிக்கொண்டிருந்தது. அவன் தொழில் செய்து பிழைக்கின்றான் என்பதை ஒருவரும் கேட்கவில்லை. மாமனாகிய யானும் எழுந்து சொல்லவில்லை. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அரசாங்கக் கட்டடத்தை மாத்திரமன்றிப் பொதுமக்கள் புழங்கும் தனியார் கட்டடத்தையும் இத்தகையோர் புகத்தக்கதாய் வைக்கச் சொல்கின்றது. சட்டத்திற்கு அஞ்சி நாம் செய்ய வேண்டா.

படி ஒன்று 6 அங்குலம். ஐந்தும் சேர்ந்து 30 அங்குலம். ஓரங்குல உயரத்திற்கு ஓரடி நீளம் சாய்தளம் வேண்டுமென்பது கணக்கு. ஆக 30 அடி. இடையே இளைப்பாற 5 அடி சமதளம். தெருப்பக்கம் அவ்வளவு இடமில்லை. நேற்று மாலை கிழக்குச் சுவரோரம் கொத்தனாரோடு நூல் பிடித்து அளந்தேன். 37 அடி இருக்கின்றது. வாழை நான்கை அகற்ற வேண்டும். தீர்மானித்த உதவித் தொகையை என் மருகன் இதுவரை வாங்கவில்லை. அது இதற்குச் செல்லட்டும் என்று அவன் எழுதிய கடிதத்தைக் காரியதரிசி அவர்களிடம் இப்போது தருகின்றேன்.