தேன்சிட்டுகளின் வண்ணமும் வாழ்வும்
(குலசேகரத்தில் ஆற்றிய உரை)



அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழும் ஹம்மிங் பறவைகள் 350 வகைகளுக்கு மேற்பட்டவை. கியூபாவில் வாழும் மிகச் சிறிய வகையின் எடை ஏறத்தாழ 2 கிராம். ஆண்டிஸ் மலையில் உள்ள ஒரு வகைக்கோ அலகு உடலினும் நீளமானது. அந்தரத்தில் நின்றபடி பூந்தேன் அருந்தும் அப்பறவைகளைக் காணக் கடல் கடக்க வேண்டும். குலசேகரத்து வாழைத் தோட்டத்திற்கு வரும் தேன்சிட்டைக் காண வாசலுக்கு வந்தால் போதும். இரண்டும் உறவினங்கள் அல்ல. பூவை நாடிய வாழ்வே இரண்டுக்கும் ஒத்த தோற்றத்தை அளித்தது. தேன்சிட்டு பெரும்பாலும் காம்பில் அமர்ந்தே உண்ணும்.

ஊதாத் தேன்சிட்டின் சேவல் நிழலில் கருநிறமாகத் தோன்றும்; வெயில் பட்டால் நீலமும் ஊதாவுமாக ஒளிரும். அந்த ஒளிர்வு சாயத்தால் வருவதன்று. இறகின் நுண்ணிய அமைப்பில் ஒளி பட்டுச் சிதறுவதால் வருவது. இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் அக்கோலத்தைக் களைந்து, பெட்டையைப் போல் எளிய நிறம் பூணும். நீண்டு வளைந்த அலகுடைய லோட்டன் தேன்சிட்டு, 18ஆம் நூற்றாண்டில் இலங்கையை ஆண்ட டச்சு ஆளுநர் லோட்டனின் பெயரைத் தாங்குவது. செம்முதுகும் மஞ்சள் வயிறும் கொண்ட சிறிய தேன்சிட்டு ஏறத்தாழ 8 செ.மீ. நீளமே உடையது, மேற்குத் தொடர்ச்சி மலைப்பகுதிக்கே உரியது.

தேனை விலக்கிய இல்லங்களில் இப்பறவையின் பெயர் ஐயம் எழுப்பலாம். தேனடையைப் பிழிவதில் உயிர்வதை உண்டு. சிட்டு உறிஞ்சுவதோ மலரின் சாறு. கைம்மாறாக மகரந்தத்தைச் சுமந்து செல்கிறது. ஆயினும் புலால் உண்ணாப் பறவை என அதனைப் புகழ்தல் பொருந்தாது. குஞ்சுகளுக்குச் சிலந்தியும் சிறு பூச்சிகளுமே ஊட்டுகிறது. உள்ளதை உள்ளவாறு அறிந்தபின் காட்டும் அருளே நிலைக்கும்.

சிலந்தி நூலால் நாரையும் சருகையும் பிணைத்து, பெரும்பாலும் பெட்டையே தொங்கும் கூட்டை அமைக்கிறது. வாசற்கொடியிலும் விளக்குக் கம்பியிலும் தொங்கும் அக்கூடு, பார்வைக்குக் குப்பையாகவே தோன்றும். பண்டிகைக்கு ஒட்டடை அடிக்கும் துடைப்பம் இரண்டு முட்டைகளையும் சேர்த்தே வீழ்த்திவிடும். பூச்செடிக்குத் தெளிக்கும் நஞ்சு குஞ்சின் உணவை அழித்துவிடும்.

ஆதலின், துடைப்பத்தை ஓங்குமுன் ஒருகணம் உற்று நோக்குக. பக்கவாட்டில் சிறு வாயிலும் அதன்மேல் தாழ்வாரம் போன்ற மறைப்பும் தெரிந்தால், அந்த மூலையைக் குஞ்சுகள் பறக்கும்வரை சில வாரங்கள் விட்டுவிடுக. சிதறால் மலைக்குத் தீர்த்தங்கரர் சிற்பங்களைத் தொழச் செல்லும்போது, வழியிலுள்ள பூமரங்களையும் பிள்ளைகளுக்குக் காட்டுக. எல்லா உயிரும் இனிது வாழ்க.