ஓவியம் காக்கும் கூரை
(மன்னாரில் ஆற்றப்பெற்ற உரை)



1914ஆம் ஆண்டு தொடங்கி 1964ஆம் ஆண்டின் பெரும்புயல் வரை, தலைமன்னாரில் கப்பலேறிய நம் மக்கள் தனுஷ்கோடியில் இறங்கிப் புகைவண்டி வழியே சென்னை எழும்பூரை அடைந்தனர். அந்நிலையத்திற்கு அணித்தே, பாந்தியன் சாலையில், செந்நிறக் கல்லால் எழுந்த மாளிகையொன்று உண்டு. அதுவே தேசிய ஓவியக் கூடம். கடலுக்கு அப்பாலுள்ள அக்கூடத்தின் கதையில் மன்னாருக்கும் ஒரு படிப்பினை இருத்தலால், அதனை இன்று உங்கள் முன் வைக்கின்றோம்.

1906இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1909இல் திறக்கப்பெற்ற அம்மாளிகைக்கு வரைபடம் வகுத்தவர் ஹென்றி இர்வின். கட்டி முடித்தவர் நம்பெருமாள் செட்டியார். விக்டோரியா அரசியின் நினைவாக எழுந்த அம்மண்டபம், 1951இல் தேசிய ஓவியக் கூடமாயிற்று. அரசியின் பெயர் தாங்கிய மண்டபம் குடிமக்களின் கலைச்செல்வத்திற்கு இருப்பிடமாயிற்று!

இரவிவர்மாவின் எண்ணெய் வண்ண ஓவியங்களும், பொற்றகடும் கண்ணாடிக் கற்களும் பதித்த தஞ்சாவூர் ஓவியங்களும் அங்கே இடம்பெற்றன. 1873இல் சென்னைக் கண்காட்சியில் ஆளுநரின் பொற்பதக்கம் பெற்ற இரவிவர்மா, 1894இல் அச்சகம் நிறுவித் தம் படங்களை எளியோர் இல்லங்களுக்கும் அனுப்பினார். நம் வீட்டுச் சுவர்களில் தொங்கிய இலக்குமியும் கலைமகளும் அவ்வழி வந்தவர்களே. அச்சுப்படம் ஆயிரம் வீடுகளுக்குச் செல்லும். மூல ஓவியமோ ஒன்றே. அந்த ஒன்று பொதுக்கூடத்தில் இருந்தாலன்றி ஏழை அதனைக் காண இயலாது.

ஆயின், நடந்தது என்ன? கட்டடம் வலுவிழந்தது என்று 2002இல் அக்கூடத்தின் கதவுகள் மூடப்பெற்றன. பகைவர் படையெடுக்கவில்லை, தீயும் பற்றவில்லை. அவ்வாண்டு பிறந்த குழந்தை பள்ளிப் பருவம் எய்திய பின்னரும் கதவு திறக்கவில்லை. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது தமிழுலகே அழுதது. கவனமின்மையால் மெல்ல மெல்ல இழப்பதற்கு அழுவார் யார்?

கட்டுக்கரைக்குளத்து நீரால் நெல் விளைக்கும் உழவருக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. குளக்கட்டில் நண்டுவளை கண்ட அன்றே மண்ணிட்டு அடைக்கின்றோம். கட்டு உடைந்த பின் ஊரையே கூட்டினும் பயிர் மீளாது. ஓவியக் கூடத்தின் கூரையும் அத்தகையதே.

இனி, நம் கரையைப் பார்ப்போம். முத்துக்குளிப்பை மேற்பார்க்க ஆளுநர் நோர்த் அரிப்பில் கட்டிய மாளிகையை நாம் அல்லிராணிக் கோட்டை என்கின்றோம். இன்று அது கடலரிப்பினால் இடிபாடாய் நிற்கின்றது. 1672இல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்த பால்தேயுவின் நூலில் மன்னார்த் தீவின் படம் உண்டு. நம் மண்ணைப் பிறர் வரைந்தனர். பிறரே காத்தும் வருகின்றனர். நம் பிள்ளைகள் அவற்றை எங்கே காண்பர்?

நாம் வேண்டுவது மாளிகையன்று, ஓர் அறை. கற்றோர் அத்தகைய படங்களின் படிகளைத் திரட்டுக! பொறியியலாளர் உப்புக்காற்றும் ஈரமும் கரையானும் அணுகாத வழியை வகுத்துரைக்க! உழவரும் கடற்றொழிலாளரும் தம் தொழிலையும் முகங்களையும் வரைய நம் இளைஞருக்கு இடம் தருக! திரட்டும் பணத்தில் முதற்பங்கைத் திறப்பு விழாவுக்கன்று, ஆண்டுதோறும் கூரையைச் செப்பனிடுவதற்கென ஒதுக்கி வைப்போம். விழா ஒருநாளில் முடியும். மாரி ஆண்டுதோறும் வரும்.