விலை போனது எப்போது?

(தொழிலாளர் படிப்பு வட்டம் ஒன்றில் நிகழ்த்திய பேச்சு)



அமெரிக்காவிலே மெட்டாலிகா என்று ஒரு பாட்டுக் கோஷ்டி உண்டு. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக மேடை ஏறி வருகிறது. அதன் ரசிகர்கள் இரண்டு பேர் கூடினால் மூண்டுவிடுகிற சண்டை ஒன்றுதான்: "இவர்கள் விலை போய்விட்டார்களா, இல்லையா?" போய்விட்டார்கள் என்றால் எப்போது? 1984 என்பார் ஒருவர். 1991 என்பார் மற்றொருவர். இல்லை, 1996 என்று மேஜையைக் குத்துவார் மூன்றாமவர். கேட்க வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் பாடியவன் யார், விற்றவன் யார், லாபம் கண்டவன் யார் என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது. ஆகவே அதை இன்று எடுத்துக் கொள்கிறோம்.

இந்தச் சங்கீதம் பிறந்த இடத்தை முதலில் பார்ப்போம். ஹெவி மெட்டல், அதாவது கன உலோகம் என்று அதற்குப் பெயர். பெயருக்குத் தகுந்த ஊரிலேதான் பிறந்தது: இங்கிலாந்தின் பர்மிங்ஹாம், பட்டறைகளும் உலைகளும் நிறைந்த நகரம். அங்கே டோனி அயோமி என்ற 17 வயது இளைஞர் இரும்புத் தகட்டுத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தார். வேலையை விட்டு நிற்க இருந்த கடைசி நாளன்று எந்திரம் அவருடைய வலது கையின் இரண்டு விரல் நுனிகளைத் தின்றுவிட்டது. இடது கைப் பழக்கம் உள்ளவர் அவர். கிட்டார் கம்பியை அழுத்த வேண்டிய விரல்களே அவை! எந்திரத்துக்கு விரல் கொடுத்த தோழர்கள் நம் மில்களிலும் உண்டு. நாம் விளக்க வேண்டியதில்லை. அவர் சோர்ந்து கிடக்கவில்லை. பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுக்கு உறை செய்து மாட்டிக் கொண்டார். பின்னாளில் கம்பிகளின் முறுக்கையும் தளர்த்தினார். கனத்த, இருண்ட ஓசை எழுந்தது. 1970-ல் பிளாக் சாபத் என்ற அவர்களுடைய கோஷ்டியின் முதல் இசைத்தட்டு வந்தது. அதில் பாடியவர், 2025-ல் காலமான ஆஸி ஆஸ்போர்ன், கசாப்புக் கூடத்தில் வேலை பார்த்தவர்.

மெட்டாலிகா இதன் அடுத்த தலைமுறை. 1981-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டும் லார்ஸ் உல்ரிக்கும் சேர்ந்து தொடங்கியது. உல்ரிக் டென்மார்க்கு டென்னிஸ் ஆட்டக்காரரின் மகன். பட்டறைக்கும் அவருக்கும் காத தூரம். போகட்டும். கைக்காசு இல்லாத அந்தக் காலத்தில் இவர்களைப் பரப்பியவர்கள் யார்? ரேடியோவா? பெரிய கம்பெனியா? ரசிகர்களே பரப்பினார்கள். 1982-ல் இவர்கள் பதிந்த ஒரு கேசட்டை ஒருவன் பிரதி எடுத்து நண்பனுக்கு அனுப்பினான். அவன் இன்னொருவனுக்கு அனுப்பினான். நாடு கடந்து போயிற்று. 1986-ல் வந்த மூன்றாவது தட்டு, ரேடியோவின் தயவு இல்லாமலே, அந்த ஆண்டுக்குள் அமெரிக்காவில் 5 லட்சம் என்ற அளவைத் தொட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் ஸ்வீடனில் அவர்களுடைய பஸ் கவிழ்ந்து, கிளிஃப் பர்ட்டன் என்ற 24 வயதுக் கலைஞர் மாண்டார்.

இனி குற்றப்பத்திரிகைக்கு வருவோம். 1984-ல் மெதுவாகத் தொடங்கும் ஒரு பாட்டைப் போட்டார்கள். அது முதல் குற்றம். 1989-ல் ஒரு பாட்டுக்குப் படம் எடுத்து டெலிவிஷனுக்குக் கொடுத்தார்கள், இரண்டாவது. 1991-ல் பாப் ராக் என்ற பதிவாளரை அமர்த்தி, பாட்டுகளைச் சுருக்கி, வேகத்தைக் குறைத்து ஒரு கருப்பு அட்டைத் தட்டு வெளியிட்டார்கள். அது அமெரிக்காவில் மட்டும் 1 கோடி 60 லட்சத்துக்கு மேல் விற்றது. 1996-ல் முடியை வெட்டிக் கொண்டார்கள். ஆம் தோழர்களே, முடி வெட்டியதும் குற்றப்பத்திரிகையில் இருக்கிறது!

இவற்றில் எதையும் துரோகம் என்று நாம் ஒப்ப மாட்டோம். மெதுவாகப் பாடுவது துரோகமானால் தாலாட்டுப் பாடிய தாய்மார்கள் எல்லாம் துரோகிகள். கோடிப் பேர் கேட்டார்கள் என்பதும் குற்றமல்ல. பத்துப் பேருக்கு மட்டும் தெரிந்த பாட்டு பத்தாயிரம் பேருக்குத் தெரிந்ததும் முதல் பத்துப் பேருக்கு ஓர் எரிச்சல் வரும். அது சொத்துக்காரனின் எரிச்சல். அதைக் கொள்கை என்று சொல்லிக் கொள்ளக் கூடாது.

ரசிகர்கள் அதிகம் பேசாத ஒரு சங்கதி 1994-ல் நடந்தது. எலெக்ட்ரா என்ற இசைத்தட்டுக் கம்பெனி மீது மெட்டாலிகா வழக்குப் போட்டது. எந்தச் சட்டத்தின் கீழ்? கலிஃபோர்னியா மாகாணத்தின் தொழிலாளர் சட்டத்தின் கீழ்! எந்த உழைப்பாளியையும் ஏழு ஆண்டுக்கு மேல் ஒப்பந்தத்தால் கட்டி வைக்கக் கூடாது என்கிறது அதன் ஒரு ஷரத்து. ஒலிவியா டி ஹாவிலண்ட் என்ற நடிகை வார்னர் படக் கம்பெனியோடு மோதி, 1944-ல் இந்த ஷரத்துக்குக் கோர்ட்டிலே உயிர் கொடுத்தார். மெட்டாலிகா வழக்கு சமரசத்தில் முடிந்தது. 2012-ல் தங்கள் பாட்டுகளின் மூலப் பதிவுகள் அனைத்தையும் அவர்கள் தங்கள் வசமாக்கிக் கொண்டார்கள். களத்திலே நெல்லைத் தூற்றிக் குவிப்பவன் ஒருவன், அம்பாரத்தை அளந்து கொண்டு போகிறவன் இன்னொருவன் என்ற ஏற்பாடு நமக்குத் தெரியும். அம்பாரம் தூற்றியவனிடமே வந்து சேர்ந்த அபூர்வ சம்பவம் இது. இதை நாம் பாராட்டவே செய்வோம்.

ஆனால் 2000-ம் ஆண்டுக்கு வாருங்கள். நாப்ஸ்டர் என்ற கம்பெனி, கம்ப்யூட்டர் வழியாகப் பாட்டுகளை ஒருவருக்கொருவர் இலவசமாக மாற்றிக் கொள்ள வழி செய்திருந்தது. மெட்டாலிகாவின் வெளிவராத பாட்டு ஒன்றும் அதில் பரவிவிட்டது. ஏப்ரலில் வழக்குத் தொடுத்தார்கள். தன் உழைப்பின் பலனைக் கேட்காமல் எடுத்து வேறொருவன் கடை விரித்தால் கோபம் வருவது நியாயமே. நாப்ஸ்டர் தரும ஸ்தாபனமல்ல. ஆனால் அடுத்து என்ன செய்தார்கள்? மே மாதம் 3-ந் தேதி உல்ரிக், பாட்டை எடுத்த 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் புனைபெயர்ப் பட்டியலைக் கட்டுக்கட்டாகக் கொண்டு போய், இவர்களை வெளியே தள்ளுங்கள் என்று நாப்ஸ்டர் ஆபீசில் கொடுத்தார். தள்ளினார்கள். அந்த 3 லட்சம் பேர் யார்? கேசட்டைப் பிரதி எடுத்து இவர்களை ஊர் ஊராகக் கொண்டு சென்றார்களே, அவர்களும் அவர்களுடைய தம்பி தங்கைகளும்தான். கம்பெனியோடு கோர்ட்டில் மோதலாம். கேட்டவனைப் பெயர் பெயராகக் காட்டிக் கொடுக்கலாமா? விலை போன நாளைக் குறித்தே ஆக வேண்டுமென்றால் நாம் இந்த நாளைக் குறிப்போம். முடி வெட்டிய நாளை அல்ல.

கணக்கின் மறு பக்கத்தையும் மறைக்கக் கூடாது. 2017-ல் ஓர் அறநிலையம் தொடங்கினார்கள். அதன் மூலம் 2019 முதல் அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகளில் வெல்டிங் போன்ற கைத்தொழில் படிக்கும் மாணவர்களுக்குப் பணம் போகிறது.

2023-ல் இன்னொன்றும் நடந்தது. வர்ஜீனியா மாகாணத்தில் இசைத்தட்டு அச்சடிக்கும் தொழிற்சாலை ஒன்றின் பெரும்பங்கை மெட்டாலிகா வாங்கியது. பாட்டு அவர்களுடையது, மூலப் பதிவு அவர்களுடையது, இப்போது அச்சடிக்கும் எந்திரமும் அவர்களுடையது. அந்த எந்திரத்தருகே ஷிப்டு பார்க்கிறவருக்குக் கூலி என்ன, வேலை நேரம் என்ன, கைக்குப் பாதுகாப்பு என்ன? 1984-ஐயும் 1996-ஐயும் பற்றி ஓயாமல் மோதிக் கொள்ளும் ரசிகர்களிடமிருந்து இந்தக் கேள்வி நம் காதில் இதுவரை விழவில்லை.