நோயும் வதந்தியும் நம் கடமையும்

(ஜூபிலி ஆயத்த நாட்களில் பங்கு ஆலயத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



ஜூபிலி என்றவுடன் நமக்கு நன்றி கூறுதலே நினைவுக்கு வருகிறது. இந்த முள்ளுக்குறிச்சி மண்ணில் விசுவாசத்தை விதைத்தவர்களையும், கல்லும் மண்ணும் சுமந்தவர்களையும் நினைத்து நன்றி கூறுகிறோம். அது முறையே. ஆனால் லேவியர் ஆகமத்தில் ஜூபிலிக்கு வேறொரு பொருளும் உண்டு. கைமாறிப்போன காணி உரியவனிடம் திரும்பிச் சேர வேண்டிய ஆண்டு அது. அப்படித் திருப்பித் தர வேண்டிய கடன் ஒன்று நமக்கும் இருக்கிறது. அது கொரோனா நாட்களில் ஏற்பட்ட கடன்.

அந்த நாட்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2020 மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. புனித வாரச் சடங்குகளை வெற்றுப் பெஞ்சுகளுக்கு முன்னால் நிறைவேற்றினேன். ஏப்ரல் 12, உயிர்ப்பு ஞாயிறன்று, கோயில் மணியை அடித்துவிட்டு யாரும் வராத வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நோய் என்னவென்று தெரியாது, எப்போது முடியும் என்றும் தெரியாது. தெரியாமையே பெரிய பாரமாக இருந்தது. அந்தப் பாரத்தைத் தாங்க மாட்டாமல், கைப்பேசியில் வந்ததையெல்லாம் நாம் நம்பினோம்.

முதலில் அடி வாங்கியது நம் மாவட்டமே. கோழிக்கறியும் முட்டையும் தின்றால் கொரோனா வரும் என்று 2020 தொடக்கத்திலேயே ஒரு பொய் பரவியது. ஆதாரமில்லை என்று அரசு சொல்லியும் யாரும் கேட்கவில்லை. நாமக்கல் முட்டை விலை உற்பத்திச் செலவுக்கும் கீழே சரிந்தது. பண்ணைக்காரர் கடனாளியானார். பண்ணையில் தீவனம் போட்ட நம் பங்குப் பிள்ளைகளுக்கு வேலை நின்றது. யாரோ எழுதிவிட்ட இரண்டு வரி இத்தனை அடுப்புகளை அணைத்தது.

அடுத்து, இறந்தவர்களையும் அது விடவில்லை. 2020 ஏப்ரல் 19ஆம் நாள் சென்னையில் நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் கொரோனாவால் மரித்தார். உடலைப் புதைத்தால் நோய் பரவும் என்று அஞ்சிய கூட்டம், அவரைச் சுமந்து வந்த வண்டியைத் தாக்கிற்று. கடைசியில் அவருடைய நண்பரான மற்றொரு மருத்துவர் நள்ளிரவில் தாமே மண் அள்ளிப் போட்டு அடக்கம் செய்தார். இதன் பிறகே, இத்தகைய அடக்கத்தைத் தடுப்பவர்களுக்கு மூன்றாண்டு வரை சிறை என்று தமிழக அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. இறந்தோரை அடக்கம் செய்வது இரக்கச் செயல்களில் ஒன்றென்று நாம் ஞானோபதேசத்தில் படித்தவர்கள். சட்டம் வந்துதான் அதைக் காக்க வேண்டியிருந்தது.

பிறகு தடுப்பூசி வந்தது. 2021 ஏப்ரல் 15ஆம் நாள் நடிகர் விவேக் ஊசி போட்டுக்கொண்டார். 17ஆம் நாள் மாரடைப்பால் மரித்தார். ஊசிதான் கொன்றது என்று ஊரெல்லாம் பேச்சு. அவருடைய மரணத்துக்குத் தடுப்பூசி காரணமன்று என்று மத்திய அரசின் நிபுணர் குழு அறிவித்தபோது அக்டோபர் ஆகிவிட்டது. இடையில்தான் இரண்டாம் அலை வந்துபோனது. ஊசிக்குப் பயந்து வீட்டுக்குள் ஒளிந்த முதியவர்களை நான் அறிவேன். அவர்களில் சிலருக்கு நானே அடக்கச் சடங்கு நடத்தினேன்.

இதுவரை மற்றவர்களுடைய குற்றத்தைச் சொன்னேன். இனி என் குற்றத்தைச் சொல்கிறேன்.

2020 ஜூன் மாதம் ஓர் இரவு. என் கைப்பேசிக்கு ஒரு குரல் செய்தி வந்தது. திருப்பூர் பனியன் கம்பெனியிலிருந்து திரும்பிய ஒரு குடும்பத்துக்கு நோய் கண்டிருக்கிறது, மறைக்கிறார்கள் என்றது. பேசியவர் யார் என்று எனக்குத் தெரியாது. விசாரிக்கவும் இல்லை. மக்கள் எச்சரிக்கையாக இருக்கட்டும் என்று எண்ணி, அன்பியப் பொறுப்பாளர்கள் குழுவுக்கு அதை அனுப்பிவிட்டு, செபம் சொல்லிவிட்டுப் படுத்தேன்.

விடிந்தபோது அந்த வீட்டுப் பாதையில் முள் வெட்டிப் போட்டிருந்தார்கள். பால்காரர் பால் ஊற்றவில்லை. தெருக்குழாயில் குடம் வைக்க விடவில்லை. நான்கு நாள் கழித்துப் பரிசோதனை முடிவு வந்தது. அந்த வீட்டில் யாருக்கும் நோய் இல்லை. நான் ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். அந்த வீட்டுப் பாட்டி என்னைத் திட்டவில்லை. “சாமி, வேற யாரு அனுப்பியிருந்தாலும் நாலு பேராவது சந்தேகப்பட்டிருப்பாங்க. நீங்க அனுப்புனதுனாலதான் எல்லாரும் நம்பிட்டாங்க” என்றார். குருப்பட்டம் பெற்ற இத்தனை ஆண்டுகளில் இதைவிடக் கடுமையான பிரசங்கத்தை நான் கேட்டதில்லை.

அன்பர்களே, எட்டாம் கட்டளை நீதிமன்றத்துச் சாட்சிக்கு மட்டும் உரியதன்று. தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்வதும் பொய்ச் சாட்சிதான். குருமடத்தில் அறநெறி இயலில் எங்களுக்குக் கற்பித்தது இது: பிறர் பெயரைக் கெடுத்தவன் பாவசங்கீர்த்தனம் செய்தால் மட்டும் போதாது. கெடுத்த பெயரைச் சீர்ப்படுத்தவும் அவன் கடமைப்பட்டவன். புறங்கூறிய பெண்ணிடம் புனித பிலிப்பு நேரியார், கோழியின் இறகுகளைத் தெருவில் பிய்த்துப் போட்டுவிட்டுத் திரும்பப் பொறுக்கி வரச் சொன்னார் என்றொரு கதை வழங்கி வருகிறது. கோழிப் பண்ணை ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நானும் மறுநாளே அதே குழுவில் திருத்தம் அனுப்பினேன். வதந்தி பல ஊர் போயிற்று. திருத்தம் நம் ஊர் எல்லையையும் தாண்டவில்லை.

அப்படியானால் ஒன்றும் தெரியாத காலத்தில் எப்படி நடந்துகொள்வது? நம் மலையிலேயே அதற்கு முன்மாதிரி உண்டு. 1918-19இல் உலகை வாட்டிய விஷக்காய்ச்சல் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அது கொல்லிமலைக்கும் ஏறியது. பயத்தில் மக்கள் நோயாளிகளை விட்டுவிட்டு ஓடினார்கள். அப்போது மலைமேல் வாழவந்தியில் பணியாற்றிய பாப்டிஸ்ட் சபைப் போதகர் ஜெஸ்ஸி பிராண்டும் அவர் மனைவி ஈவ்லினும் என்ன செய்தார்கள்? அந்த நோய்க்கு மருந்து அவர்களிடம் இல்லை. எவரிடமும் இல்லை. கஞ்சி காய்ச்சி வீடு வீடாகக் கொண்டுபோய் ஊட்டினார்கள். தங்களை எதிர்த்து வந்த பூசாரியின் வீட்டுக்கும் கொண்டுபோனார்கள். ஜெஸ்ஸி 1929இல் காய்ச்சலிலேயே மரித்தார். அவர்கள் நம் சபையினர் அல்லர். ஆயினும் நமக்கு ஆசிரியர்கள். நோயைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது கொஞ்சம். கடமையைப் பற்றித் தெரிந்தது போதுமானதாக இருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். “விஞ்ஞானிகளே மாற்றி மாற்றிப் பேசினார்கள், அவர்களை எப்படி நம்புவது?” என்று இளைஞர்கள் என்னைக் கேட்டதுண்டு. உண்மைதான். நோயில்லாதவர் முகக்கவசம் அணியத் தேவையில்லை என்று முதலில் சொன்ன உலக சுகாதார நிறுவனம், 2020 ஜூனில் கூட்டமான இடங்களில் எல்லாரும் அணிவது நல்லது என்றது. ஆனால் இது பொய்யன்று, திருத்தம். காய்ச்சல் குறையாவிட்டால் மருந்தை மாற்றும் மருத்துவரைப் பொய்யர் என்போமா? நேர்மையானவன் புதிதாக ஒன்றை அறிந்தால் தன் சொல்லைத் திருத்திக்கொள்கிறான். வதந்தி ஒருநாளும் தன்னைத் திருத்திக்கொண்டதில்லை. இதுவே இரண்டையும் பிரித்தறியும் அடையாளம்.

விசுவாசத்தையும் இங்கே தவறாகப் புரிந்துகொள்ளலாகாது. செபம் செய்கிறவனுக்கு ஊசி எதற்கு என்று கேட்டவர்களும் உண்டு. மருத்துவனை மதிக்க வேண்டும், அவனையும் ஆண்டவரே படைத்தார் என்பது சீராக் ஆகமம் 38ஆம் அதிகாரத்தின் போதனை. 2020 மார்ச் 27ஆம் நாள் மாலை, மழையில், ஆளில்லாத புனித பேதுரு சதுக்கத்தில் நின்று செபித்த திருத்தந்தை பிரான்சிஸ்தான், 2021இல் தடுப்பூசி போட்டுக்கொள்வது அன்பின் செயல் என்றும் அறிவுறுத்தினார். கபசுரக் குடிநீரை நானும் குடித்தேன். குடித்ததில் தவறில்லை. அதைக் குடித்தவனுக்கு நோயே வராது என்று சொன்னதுதான் தவறு.

ஆகவே ஜூபிலி ஆண்டின் நினைவாக ஒவ்வோர் அன்பியமும் மூன்று தீர்மானங்களை ஏற்க வேண்டுகிறேன். முதலாவது, எந்தச் செய்தியையும் பிறருக்கு அனுப்புமுன், இதைச் சொன்னவர் யார், அவருக்கு எப்படித் தெரியும், இது பொய்யானால் யாருக்குக் கேடு என்று கேட்போம். விடை இல்லையேல் அனுப்பாதிருப்போம். இரண்டாவது, “எனக்குத் தெரியாது” என்று சொல்ல வெட்கப்படாதிருப்போம். சுகாதார நிலையத்துச் செவிலியரைக் கேட்டுவிட்டுச் சொல்வோம். மூன்றாவது, தவறாகச் சொல்லிவிட்டால், எத்தனை பேரிடம் சொன்னோமோ அத்தனை பேரிடமும் போய்த் திருத்துவோம்.

உலகளாவிய அவசரநிலை முடிந்ததென்று 2023 மே 5ஆம் நாள் அறிவித்தார்கள். ஆனால் அந்தக் குடும்பத்தார் இன்றும் திருப்பலிக்கு வந்தால் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து, முடிந்ததும் யாரோடும் பேசாமல் போய்விடுகிறார்கள். அவர்களுடைய அவசரநிலை இன்னும் முடியவில்லை. கைமாறிப்போன காணி இன்னும் திரும்பவில்லை. குழுவில் தவறு செய்தேன், ஆகவே சபை நடுவில் சொல்கிறேன்: அவர்கள் எதையும் மறைத்தவர்கள் அல்லர். நான் அனுப்பியது பொய். வரும் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் வாசலில் அவர்களுக்காகக் காத்திருப்பேன். நீங்களும் என்னோடு நில்லுங்கள்.

ஆரோக்கிய அன்னை நம் அனைவருக்காகவும் பரிந்து பேசுவாராக!