புகையை விடத் திட்டம் வேண்டும்
(உரையின் எழுத்து வடிவம்)

புகைபிடித்தல் தீங்கானது என்பதை இன்று எவருக்கும் புதிதாக எடுத்துரைக்க வேண்டியதில்லை. 2016-17ஆம் ஆண்டில் நாடு முழுவதும் நடத்தப்பெற்ற வயது வந்தோர் புகையிலைப் பயன்பாட்டு ஆய்வில், புகைபிடித்தல் கடும் நோய்களை உண்டாக்கும் என்று நம்புவதாக நூற்றுக்கு 92 பேர் கூறினர். அதே ஆய்வின்படி, இந்தியாவில் ஏறத்தாழ 10 கோடிப் பேர் பீடி, சிகரெட் போன்றவற்றைப் புகைக்கின்றனர். அவர்களுள் 55 விழுக்காட்டினர் இப்பழக்கத்தை விட எண்ணியிருந்தனர். முந்தைய 12 மாதங்களில் விட்டுவிட முயன்றவர்கள் 38 விழுக்காட்டினர்.

இப்புள்ளி விவரங்கள் உணர்த்தும் உண்மை தெளிவானது. தீமையை அறியாததால் மக்கள் புகைக்கவில்லை. விட வேண்டும் என்ற விருப்பமும் பாதிக்கு மேற்பட்டோரிடம் இருக்கிறது. விருப்பத்தைச் செயலாக மாற்றும் வழிமுறைதான் அவர்களுக்குக் கிட்டவில்லை. முயன்றவர்களில் பெரும்பாலோர் மருத்துவ உதவியோ ஆலோசனையோ இன்றித் தனித்தே முயன்றனர். புத்தாண்டு நாளன்று சபதம் செய்து, பொங்கலுக்குள் அதைக் கைவிடுவோர் பலர். உறுதி போதவில்லை என்று அவர்கள் தம்மையே நொந்துகொள்கின்றனர். பெரும்பாலும் அவர்களுக்குப் போதாதிருந்தது முன்னேற்பாடே. ஓர் அணையைக் கட்டுவதற்கும் ஒரு பள்ளியைத் தொடங்குவதற்கும் திட்டம் தேவைப்படுவது போலவே, பல ஆண்டுப் பழக்கம் ஒன்றை விடுவதற்கும் திட்டம் தேவை.

பழக்கத்தின் இயல்பு

புகையிலையில் உள்ள நிகோடின், புகையை உள்ளிழுத்த சில நொடிகளில் மூளையைச் சென்றடைகிறது. அங்கு இன்ப உணர்வைத் தூண்டும் வேதிப்பொருள்களைச் சுரக்கச் செய்கிறது. இரத்தத்தில் நிகோடின் அளவு குறையக் குறைய, எரிச்சலும் அமைதியின்மையும் தோன்றுகின்றன. அடுத்த பீடி அந்த அமைதியின்மையைத் தணிக்கிறது. புகை மனத்துக்கு ஆறுதல் தருகிறது என்று புகைப்பவர் கருதுகிறார். உண்மையில், முந்தைய புகை விட்டுச் சென்ற குறையையே அது நிரப்புகிறது.

உடலின் தேவை ஒருபுறம் இருக்க, மனத்தின் பழக்கம் மற்றொன்று. காலைத் தேநீர், உணவுக்குப் பிந்திய ஓய்வு, பேருந்துக்காகக் காத்திருக்கும் நேரம், கோப்புகள் குவிந்த மேசை, நண்பர் நீட்டும் தீப்பெட்டி ஆகிய ஒவ்வொன்றும் புகையை நினைவூட்டும் மணியாகிவிடுகிறது. ஆதலின் விடுவதற்கான திட்டம் உடலின் தேவையையும் மனத்தின் பழக்கத்தையும் ஒருங்கே எதிர்கொள்ள வேண்டும்.

பீடி இலையில் சுற்றப்பட்டது, ஆகவே சிகரெட்டைவிடத் தீங்கு குறைந்தது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. இது தவறு. பீடி அணைந்துவிடாமல் இருக்க அடிக்கடியும் ஆழமாகவும் இழுக்க வேண்டியிருக்கிறது. அதிலுள்ள புகையிலை குறைவாயினும், நுரையீரலைச் சேரும் நிகோடினும் தாரும் கார்பன் மோனாக்சைடும் குறைவல்ல. நாட்டின் 11 லட்சம் வீடுகளை உள்ளடக்கி 2008ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, பீடி புகைக்கும் ஆண்கள் சராசரியாக 6 ஆண்டுகளையும், பெண்கள் 8 ஆண்டுகளையும், சிகரெட் புகைக்கும் ஆண்கள் 10 ஆண்டுகளையும் தம் வாழ்நாளில் இழப்பதாக மதிப்பிட்டது.

விடுவதன் பயன்

'இத்தனை ஆண்டுகள் புகைத்தாயிற்று. இனி விட்டு என்ன பயன்?' என்று கேட்போர் உண்டு. உடல் இக்கேள்விக்கு நம்பிக்கையூட்டும் விடையையே தருகிறது. விட்ட 20 நிமிடங்களில் இதயத் துடிப்பு தணியத் தொடங்குகிறது. 12 மணி நேரத்தில் இரத்தத்திலுள்ள கார்பன் மோனாக்சைடின் அளவு இயல்பு நிலைக்குத் திரும்புகிறது. சில மாதங்களில் இருமலும் மூச்சிரைப்பும் குறைகின்றன. ஓராண்டில் மாரடைப்பு அபாயம் புகைப்பவரின் அபாயத்தில் பாதியளவாகிறது. பத்தாண்டில் நுரையீரல் புற்றுநோயால் இறக்கும் அபாயமும் ஏறத்தாழ அவ்வாறே குறைகிறது.

பிரிட்டனில் மருத்துவர்களிடையே 50 ஆண்டுகள் நடந்த ஆய்வின் முடிவுகளை ரிச்சர்டு டால் குழுவினர் 2004ஆம் ஆண்டில் வெளியிட்டனர். 60 வயதில் விட்டவர்கள் ஏறத்தாழ 3 ஆண்டுகளையும், 50 வயதில் விட்டவர்கள் 6 ஆண்டுகளையும், 40 வயதில் விட்டவர்கள் 9 ஆண்டுகளையும் மீட்டுக்கொண்டனர் என்று அது காட்டியது. காலம் கடந்துவிட்டது என்று சொல்லத்தக்க வயது எதுவும் இல்லை. எனினும் நோய் வந்த பின் விடுவதைவிட, நலமாக இருக்கும்போதே விடுவது பன்மடங்கு பயன் தரும்.

பொருளாதாரப் பயனும் சிறிதன்று. நாளொன்றுக்கு 20 ரூபாய் புகையில் செலவிடும் ஒருவர் ஆண்டுக்கு 7,300 ரூபாயைக் கரியாக்குகிறார். நாட்கூலி பெறும் குடும்பத்தில் அத்தொகை குழந்தைகளின் பாலாகவும் பாடநூலாகவும் மாறக்கூடியது.

முன்னேற்பாடு

முதற்கண், புகைப்பவர் ஒரு வாரம் தம் பழக்கத்தைத் தாமே ஆராய வேண்டும். ஒவ்வொரு முறை பற்றவைக்கும்போதும் நேரம், இடம், உடனிருந்தவர், மனநிலை ஆகியவற்றைச் சிறு தாளில் குறித்துவரலாம். வார இறுதியில், எவை உடலின் தேவையால் பிடித்தவை, எவை வெறும் வழக்கத்தால் பிடித்தவை என்பது விளங்கும்.

அடுத்து, இரண்டு வாரங்களுக்குள் ஒரு நாளை முடிவு நாளாகக் குறிக்க வேண்டும். தேர்வு, கணக்கு முடிக்கும் வாரம், வீட்டுத் திருமணம் போன்ற நெருக்கடிக் காலங்களைத் தவிர்ப்பது நலம். அந்நாளைக் குடும்பத்தாரிடமும் நெருங்கிய நண்பர் ஒருவரிடமும் அறிவித்துவிட வேண்டும். அதற்கு முந்தைய இரவில் எஞ்சிய பீடி, சிகரெட், தீப்பெட்டி, சாம்பல் கிண்ணம் அனைத்தையும் அப்புறப்படுத்த வேண்டும். 'ஆத்திர அவசரத்துக்கு ஒன்று இருக்கட்டும்' என்று அலமாரியில் வைப்பது, தோல்விக்கு முன்பணம் கட்டுவதாகும்.

முதல் மூன்று வாரங்கள்

விட்ட முதல் வாரமே கடினமானது. எரிச்சல், தூக்கக் குறைவு, தலைவலி, மனம் ஒன்றாமை, மிகுபசி, மலச்சிக்கல் ஆகியவை தோன்றலாம். உடல் நிகோடின் இன்றி இயங்கப் பழகுவதன் அறிகுறிகள் இவை. பெரும்பாலோர்க்கு இவை இரண்டு முதல் நான்கு வாரங்களில் தணிந்துவிடும்.

இடையிடையே எழும் வேட்கை பொதுவாகச் சில நிமிடங்களே நீடிக்கும். அச்சில நிமிடங்களைக் கடத்துவதற்கு நான்கு எளிய வழிகள் கூறப்படுகின்றன. பற்றவைப்பதைத் தள்ளிப்போடுதல், ஆழ்ந்து மூச்சிழுத்து மெல்ல விடுதல், ஒரு குவளை நீரைச் சிறிது சிறிதாக அருந்துதல், எழுந்து சென்று வேறு செயலில் ஈடுபடுதல் என்பன அவை. ஏலக்காய், கிராம்பு, சோம்பு போன்ற ஒன்றை வாயிலிட்டுக்கொள்வது பலருக்கு உதவுகிறது.

வழக்கங்களையும் மாற்றியமைக்க வேண்டும். தேநீருடன் புகைத்தவர், சில வாரங்கள் மோரோ பழச்சாறோ அருந்தலாம். உணவுக்குப் பின் புகைத்தவர், உடனே எழுந்து சிறிது தூரம் நடக்கலாம். பெட்டிக்கடை வழியே அலுவலகம் செல்பவர் வேறு தெருவைத் தேர்ந்துகொள்ளலாம். மதுவருந்தும் கூட்டங்களைத் தவிர்ப்பது மிக இன்றியமையாதது. உறுதி குலைவது பெரும்பாலும் அங்கேதான்.

புகைக்கு மாற்றாகப் புகையிலை மெல்லுவதும் பான்பராக், குட்கா போன்றவற்றை நாடுவதும் ஒரு நோய்க்குப் பதில் மற்றொன்றை வாங்குவதாகும். அவை வாய்ப் புற்றுநோய்க்கு வழிவகுப்பவை. மின்னணு சிகரெட்டின் உற்பத்தியும் விற்பனையும் 2019ஆம் ஆண்டுச் சட்டத்தால் இந்தியாவில் தடைசெய்யப்பட்டுள்ளன.

மருந்தும் ஆலோசனையும்

எழுந்தவுடன் அரை மணி நேரத்துக்குள் பற்றவைப்பவரின் நிகோடின் சார்பு மிகுதியானது. அத்தகையோர்க்கு மருத்துவ உதவி பெரிதும் பயன்படும். நிகோடின் சூயிங்கம் மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. அதை மிட்டாய் போல் தொடர்ந்து மெல்லலாகாது. காரச் சுவை தோன்றும் வரை மெதுவாக மென்று, பின் கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையே ஒதுக்கி வைக்க வேண்டும். சுவை மங்கியபின் மீண்டும் மெல்லலாம். அதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்தே காபி, தேநீர், பழச்சாறு ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். கருவுற்ற பெண்களும் இதய நோயாளிகளும் மருத்துவரைக் கலந்த பின்னரே இதனைப் பயன்படுத்த வேண்டும். மருத்துவரின் பரிந்துரையின் பேரில் உட்கொள்ளத்தக்க மாத்திரைகளும் உள்ளன.

மத்திய அரசின் கட்டணமில்லாத் தொலைபேசி ஆலோசனைச் சேவை, டில்லியிலுள்ள வல்லபாய் படேல் மார்பு நோய் நிறுவனத்தில் 2016ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. 2018ஆம் ஆண்டில் பெங்களூரு நிம்ஹான்ஸ் உள்ளிட்ட மேலும் மூன்று மையங்களுக்கு அது விரிவாக்கப்பட்டது. அதன் எண் 1800-11-2356. புகையிலைப் பொருள்களின் உறைகள் மீதே இவ்வெண் அச்சிடப்படுகிறது. பற்றவைக்கும் பெட்டியிலேயே விடுவதற்கான வழியும் எழுதப்பட்டிருப்பதைப் பலர் கவனிப்பதில்லை.

தவறி விழுந்தால்

முதல் முயற்சியிலேயே வென்றவர்கள் சிலரே. பலமுறை முயன்று, இடையில் மீண்டும் பிடித்து, பின்னர் நிரந்தரமாக விட்டவர்களே மிகுதி. ஒரு நாள் ஒரு சிகரெட் பிடித்துவிட்டால், 'எல்லாம் போயிற்று' என்று அன்றே ஒரு பெட்டி வாங்குவது பேதைமை. எந்த இடத்தில், எவருடன், எந்த மனநிலையில் தவறு நேர்ந்தது என்று ஆராய்ந்து, திட்டத்தின் அந்தப் பகுதியை வலுப்படுத்திக்கொண்டு மறுநாளே தொடர வேண்டும். வெள்ளத்தில் ஓரிடத்தில் கரை உடைந்தால், உழவர் அவ்வுடைப்பை அடைக்கிறார், ஏரியையே கைவிடுவதில்லை.

அலுவலகமும் கல்விக்கூடமும்

தனி மனிதனின் முயற்சிக்குச் சூழலும் துணை நிற்க வேண்டும். கேரள உயர் நீதிமன்றம் 1999ஆம் ஆண்டிலும் உச்ச நீதிமன்றம் 2001ஆம் ஆண்டிலும் பொது இடங்களில் புகைப்பதற்கு எதிராக ஆணையிட்டன. 2003ஆம் ஆண்டுப் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டமும், 2008 அக்டோபர் 2ஆம் நாள் நடைமுறைக்கு வந்த விதிகளும் அலுவலகங்களையும் பொதுக் கட்டடங்களையும் புகையற்றவை ஆக்கின. கல்வி நிலையங்களிலிருந்து 100 கஜ தூரத்துக்குள் புகையிலைப் பொருள்களை விற்கலாகாது.

இவ்விதிகளைச் சுவரில் ஒட்டும் அறிவிப்போடு நிறுத்திவிடலாகாது. விட முயலும் ஊழியரைத் தேநீர் இடைவேளையில் கேலி செய்யாமல் இருப்பதும், அவருக்கு ஆலோசனை மையம் செல்லச் சில மணி நேர அனுமதி தருவதும் ஓர் அலுவலகத் தலைவரால் எளிதில் இயலும். ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வருவோரிடம், 'புகைக்கிறீர்களா? விட விரும்புகிறீர்களா?' என்று கேட்க இரண்டு நிமிடமே போதும். எனினும் மருத்துவ ஊழியரைச் சந்தித்த புகைப்பவர்களுள் ஏறத்தாழப் பாதிப் பேருக்குத்தான் விடும்படி அறிவுரை கூறப்பட்டது என்று 2016-17ஆம் ஆண்டு ஆய்வு காட்டுகிறது. காசநோய் மருந்து பெற வருபவரிடம் இக்கேள்வியைக் கேளாமல் விடுவது, சிகிச்சையைப் பாதியில் நிறுத்துவதற்கு ஒப்பாகும்.

மாணவர்களின் பொறுப்பு வேறு வகையானது. முதல் சிகரெட் பெரும்பாலும் தோழன் கொடுத்ததாகவே இருக்கிறது. கொடுக்கும் கை பின்வாங்கினால், பல ஆண்டுத் துன்பம் ஒன்று தொடங்காமலே போகும். ஏற்கெனவே தொடங்கிவிட்ட மாணவனுக்கோ பழக்கத்தின் வேர் இன்னும் ஆழ ஓடவில்லை. பிடுங்கி எறிய இதுவே ஏற்ற பருவம்.

விட விரும்புவோர் செய்ய வேண்டிய முதற்பணி, நாட்காட்டியில் ஒரு நாளைக் குறித்து, அதைத் தம் வீட்டாரிடம் சொல்லிவிடுவதே ஆகும். எஞ்சிய பணிகள் அந்நாளிலிருந்து பின்னோக்கி வகுக்கத் தக்கவை. நாள் குறிக்கப்படாத விருப்பம் ஆண்டுதோறும் தள்ளிப்போகும். நாளும் துணையும் வழிமுறையும் அமைந்த விருப்பத்தை நிறைவேற்றுவது இந்நாட்டின் எந்தத் தொழிலாளிக்கும் எந்த அலுவலருக்கும் இயலக்கூடிய செயலே.