வேனிலும் வீடும்



பாலைக்கு வேனிலும் நண்பகலும் உரிய பொழுதுகள். அதன் உரிப்பொருள் பிரிவு. வகுப்பறையில் ஆண்டுதோறும் நான் கூறுவது இது. எங்கள் வீட்டிலோ வேனில் ஒன்றுகூடும் பொழுது!

சித்திரைச் சனிக்கிழமை விடியலில் பச்சரிசிக் கூழ் கிண்டி, மொட்டைமாடியில் பழைய வேட்டி விரித்து வடகம் பிழிவோம். காக்கை ஓட்ட அமர்த்திய பிள்ளைகள் கூழில் பாதியை உண்டுவிடுவர்; காக்கையே மேல். பிற்பகலில் நுங்கு. பெருவிரலால் நோண்டி உறிஞ்சுவதே முறை. கரண்டியால் உண்பது நுங்குக்கு இழுக்கு என்பது என் துணிபு. இரவில், நீர் தெளித்த மாடியில் பாய் விரித்து விண்மீன் நோக்கிக் கிடப்போம்.

வெளியூரில் பயிலும் என் மகள் ஞாயிறு மாலையே பேருந்து ஏற வேண்டும். வடகம் இன்னும் ஒரு வெயில் காய வேண்டியிருந்தது. பொதிந்து கொடுத்தேன்.

"விடுதியில் மொட்டைமாடியைப் பூட்டி வைத்திருப்பார்களே, அம்மா" என்றாள்.